நூற்று நாற்பது கிராம்

2024 ஜனவரி 8, திங்கள். காலை மணி 10.20.

எங்கள் லேபில் சோதனைக்குக் காத்திருக்கும் நிலக்கடலை மாதிரிகள் 14. ஓடுகிற அரவை மிஷின் 0.

ஒரு கல். சுண்டைக்காய் அளவுதான். ஐந்து கிலோ கடலைக்குள் ஒளிந்து வந்து மில்லின் பிளேடை இரண்டாக உடைத்துவிட்டது. புது பிளேடு கோயம்புத்தூரிலிருந்து வர வேண்டும். வெள்ளி வரை வேலை நிற்கும்.

மிஷினுக்கென்று ஒரு பதிவேடு இருக்கிறது. அதில் தேதி, நேரம், பழுது, கையொப்பம் என்று நான்கு கட்டம். கோபத்துக்குக் கட்டம் இல்லை. அதனால் இந்த நோட்டு.

யாரிடம் கோபம்? அரவை அறையில் இருக்கும் சந்தனமாரி அக்காவிடம். முன்பு அரைத்துக்கொண்டிருந்த சேவியர் துபாய்க்குப் போனபின் டிசம்பரில் சேர்ந்தவர். அதற்கு முன் பத்தொன்பது வருடம் கடலைக் கிடங்கில் சொத்தை பொறுக்கும் வேலை. எங்கள் முதலாளி நயினார் சார் அதையே தகுதியாகச் சொல்லி எடுத்தார்: "கடலைய அறிஞ்ச கை தம்பி." கை அறிந்து என்ன பயன், கண் பார்க்கவில்லையே.

அரவை அறை தனி. அங்கே பறக்கும் மாவு என் பக்கம் வந்தால் கடலையிலுள்ள பூஞ்சை நஞ்சை அளக்கும் பெரிய மிஷின் பொய் சொல்லும். அதனால் சுவரில் ஒரு சின்ன ஜன்னல். மாவு டப்பா அந்த வழியாக வரும். பேச்சும் அந்த வழியாகத்தான். இன்று போன பேச்சை அப்படியே எழுதுகிறேன், இல்லாவிட்டால் ராத்திரி தூக்கம் வராது:

"கண்ணு எதுக்குக்கா இருக்கு? கல்லு, குப்பை, சொத்தை, எதுன்னு பாத்து எடுத்துட்டுப் போடறதுக்கு என்ன? பத்தொன்பது வருஷம் அதைத்தானே செஞ்சீங்க?"

"சரி சார்," என்றார். அவ்வளவுதான்.

ஜனவரி 9

மூடி இல்லாத ஒரு கிண்ணத்தில் மாவு. எந்த மாதிரியின் மாவு? தெரியாது. எண் எழுதவில்லை. ஜன்னலுக்குள் தலையை நீட்டிச் சொல்லிவிட்டேன்: "கோடு நம்பர் இல்லாம ஒரு தூசிகூட இந்த ரூம்ல இருக்கக் கூடாது. என்னைக் கேக்காம எதையும் வெளிய தூக்கிப் போடவும் கூடாது. அது விஷம், குப்பைத்தொட்டிக் குப்பை இல்ல."

கழிவை நான்தான் பிளீச்சிங் கரைசலில் ஊறவைத்து அனுப்ப வேண்டும். ஒரு மாதமாக அதற்கு நேரம் கிடைக்கவில்லை.

ஜனவரி 12

பிளேடு வந்தது. நானே பொருத்தினேன். ஆணி இரண்டு குறைவாக அனுப்பியிருக்கிறார்கள், பழைய ஆணியைப் போட்டேன்.

மாதிரி எண் க-17 முதல் அரைக்க ஆரம்பித்தாகிவிட்டது.

ஜனவரி 18

பொங்கல் விடுமுறை முடிந்தது. பதினான்கும் முடிந்தன. எல்லாம் பாஸ். வாங்குகிறவர்கள் வைத்திருக்கும் எல்லை 15 பிபிபி. நூறு கோடி பங்கில் பதினைந்து பங்கு பூஞ்சை நஞ்சு, அதாவது அஃப்ளாடாக்சின். எங்கள் பதினான்கில் ஒன்றுகூட 5-ஐத் தாண்டவில்லை.

டிசம்பர் வெள்ளத்தில் தூத்துக்குடியில் பாதிக் கிடங்கு நனைந்தது. நனைந்த கடலையில் பூசணம் பிடிக்கும். ஜனவரியில் தோல்வியாகவே வந்து குவியும் என்று நினைத்திருந்தேன். வரவில்லை. நல்ல சரக்கை மட்டும் அனுப்புகிறார்கள்போல.

நயினார் சாருக்கு மகிழ்ச்சி. ஃபெயில் ரிப்போர்ட் போனால் வியாபாரி அவரிடம்தான் சண்டைக்கு வருவான்.

ஜனவரி 22

க-31. வந்தது சரியாக 5.000 கிலோ. மாவாக ஜன்னல் வழியே வந்தது 4.860. நூற்று நாற்பது கிராம் எங்கே?

"சிந்துறதுக்கும் ஒரு அளவு இருக்குக்கா."

"சிந்தல சார். அது வந்து..."

"வந்து போயின்னு கதை வேண்டாம். எனக்கு மிஷின் ஓடிட்டிருக்கு. அடுத்த தடவை குறையக் கூடாது."

ஜன்னலைச் சாத்தினேன். உண்மையில் மிஷின் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

பொங்கலுக்குப் பின் எடை குறைந்த மாதிரிகள் ஆறு. எல்லாவற்றிலும் நூறு கிராமுக்கு மேல். சேவியர் இருந்தபோது பத்து, பதினைந்து போகும். இந்த அக்காவுக்குக் கை நடுக்கமோ என்னவோ.

க-31 முடிவு: 2.1. பாஸ்.

ஜனவரி 25

அக்கா வீட்டிலிருந்து ஒரு முறம் கொண்டுவந்து வைத்திருக்கிறார். ஜன்னல் வழியாக ஓரம் தெரிந்தது. தரையில் தூசி குறைந்திருக்கிறது. இப்படித் தானாகச் செய்கிற ஆள் கிடைப்பது அபூர்வம் என்று நயினார் சாரிடம் சொன்னேன். அக்காவிடம் சொல்லவில்லை.

பிப்ரவரி 2

எல்லா லேபுக்கும் ஒரே மாவை அனுப்பி, யார் சரியாக அளக்கிறார்கள் என்று பார்க்கும் தேர்வு ஒன்று உண்டு. டிசம்பரில் வந்த மாவுக்கு இன்று முடிவு வந்தது. உண்மை மதிப்பு 12.4. என் மதிப்பு 12.1. முப்பத்தெட்டு லேபில் நான்காவது இடம்.

நயினார் சார் அதைப் பிரின்ட் எடுத்து வரவேற்பறையில் ஒட்டினார். கோணலாக ஒட்டினார். நான் பிரித்துச் சரியாக ஒட்டினேன்.

பிப்ரவரி 9

இந்த வாரம் மட்டும் 21 மாதிரிகள். முதுகு வலி. கையுறை தீர்ந்துபோய் நேற்றைய கையுறையைக் கழுவிப் போட்டேன். வெளியே சொல்லக் கூடாது.

ஏற்றுமதி வியாபாரி ஜெயபாலன் அண்ணாச்சி ஒரு டப்பா கடலை மிட்டாயோடு வந்தார். க-31 அவருடைய சரக்குதான். கப்பல் ஏறிவிட்டது.

"தம்பி, உங்க லேப் ராசியான லேப். மார்க்கெட்டு முழுக்க அதான் பேச்சு. ஒரு சவமும் ஃபெயில் ஆகலியாம்லா?"

"ராசிக்கெல்லாம் ரிப்போர்ட் குடுக்கறதில்ல அண்ணாச்சி. சரக்கு நல்லா இருந்தா பாஸ் ஆகும்."

"சரக்கு எப்பிடி இருக்குன்னு எனக்குத் தெரியாதாக்கும்? கிடங்குல மூணு நாளு முழங்கால் தண்ணி." கண்ணடித்துச் சிரித்தார். "மிட்டாயத் தின்னுங்க. நம்ம கடலைதான். கோவில்பட்டில நமக்குத் தெரிஞ்ச கம்பெனி போடுது."

நான் நடுவில் ஏதோ செய்துதான் பாஸ் ஆகிறது என்று நினைக்கிறார். எரிச்சலாக வந்தது. மிட்டாய் நன்றாக இருந்தது. நான்கு தின்றேன்.

பிப்ரவரி 14

மின்தடை. மூன்று மணி நேர ஓட்டம் வீண். மறுபடி முதலிலிருந்து.

பிப்ரவரி 20

ஜெயபாலன் அண்ணாச்சியின் கன்டெய்னர் வெளிநாட்டுத் துறைமுகத்தில் நிற்கிறது. அங்கே சோதித்ததில் 41. எங்கள் ரிப்போர்ட்டில் 2.1.

அண்ணாச்சி போனில் கத்தியதை எழுத இந்த நோட்டு போதாது. நயினார் சார் போனைக் காதிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்துக்கொண்டு, "சாம்பிளிங் வித்தியாசம் அண்ணாச்சி, சாம்பிளிங் வித்தியாசம்" என்று மந்திரம் போலச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அது பொய்யில்லை. இந்த நஞ்சு மூட்டை முழுக்கப் பரவி இருக்காது. ஆயிரம் பருப்பு சுத்தமாக இருக்கும், ஒன்று கெட்டிருக்கும். அந்த ஒன்று அள்ளிய கைக்குள் வந்தால் ஃபெயில், வராவிட்டால் பாஸ். அதற்காகத்தான் ஒரு பிடி எடுக்காமல் ஐந்து கிலோவையும் மொத்தமாக அரைக்கிறோம். அரைத்தும் அதிர்ஷ்டம் கொஞ்சம் மிச்சம் இருக்கும்.

இருபது மடங்கு அதிர்ஷ்டம்?

பிப்ரவரி 23

இன்னொரு புகார். அவர்கள் 29, நாம் 3.2. வேறு வியாபாரி, வேறு துறைமுகம்.

பிப்ரவரி 26

எல்லாவற்றையும் பிரித்துப் பார்த்துவிட்டேன். கரைப்பான் புதிது. நஞ்சைப் பிடித்து நிறுத்தும் குழாய்களின் காலாவதி அடுத்த வருடம். தராசு சரி. தெரிந்த அளவு நஞ்சை நானே மாவில் கலந்து அளந்தேன்; போட்டதில் 94 சதவீதம் திரும்பி வந்தது. தேர்வு மாவு 12.1 வந்தது இதே மிஷினில், இதே கையில்.

என்னிடம் தவறு இல்லை.

அப்படியானால் ஏன் எப்போதும் நாம் மட்டும் குறைவு? அதிர்ஷ்டம் என்றால் காசைச் சுண்டுவது மாதிரி, ஒரு தடவையாவது மறுபக்கம் விழ வேண்டும்.

கணக்குப் போட்டேன். போன வருடம் நூறு மாதிரிக்கு இருபத்திரண்டு ஃபெயில். இந்த வருடம் ஜனவரி 12-லிருந்து 92 மாதிரி, ஃபெயில் பூஜ்யம். வெள்ளத்துக்குப் பிறகு. பூஜ்யம்.

ஜனவரி 12-ல் என்ன மாறியது? பிளேடு.

பிப்ரவரி 28

இரண்டு நாள் பிளேடோடு போராடினேன். புது பிளேடு கரகரப்பாக அரைக்கிறதா? சல்லடையில் போட்டுப் பார்த்தேன், பழையதைவிட நைஸ். பிளேடு சூடாகி நஞ்சு அழிகிறதா? வெப்பமானி வைத்தேன், 38 டிகிரி. வறுத்தாலும் முழுதாய் அழியாத நஞ்சு 38-ல் எங்கே அழியும். கோயம்புத்தூர்க் கம்பெனிக்குப் போன் செய்து உலோகம் என்ன என்று கேட்டேன். "சார், பிளேடு சார் அது," என்றான்.

நயினார் சார் ஜன்னலருகே நின்று பார்த்தார். "தம்பி, நீ மிஷினையே பாத்துக்கிட்டிருக்க. ஒரு நாளு உள்ள போயி ஒக்காந்து பாரேன், கடலை என்ன ஆவுதுன்னு."

அவருக்கு என்ன தெரியும்? எம்.எஸ்சி. படித்தது நான்.

பிப்ரவரி 29

உள்ளே போய் உட்கார்ந்தேன். க-113.

அக்கா ஐந்து கிலோவையும் தட்டில் எடை போட்டார். ஒரு பிடி முறத்தில் கொட்டினார். ஒரு தட்டு, ஒரு புடை. பிறகு விரல்கள். அந்த வேகத்தில் விரல்களை நான் பார்த்ததே இல்லை. கோழி கொத்துவது மாதிரி. கருத்தது ஒன்று, சுருங்கியது ஒன்று, பச்சைப் பொடி படிந்தது ஒன்று. ஒன்றை எடுத்து மூக்கருகே கொண்டுபோய், முகம் சுளித்து, அதையும் பக்கத்தில் போட்டார். ஐந்து கிலோவுக்கு இருபத்தைந்து நிமிடம். மீதிக் கடலை பார்க்க முத்து மாதிரி இருந்தது. அதை மில்லில் கொட்டினார்.

எழுந்து மில்லின் ஸ்விட்சை அணைத்தேன்.

"என்னக்கா செய்றீங்க?"

"சுத்தம் பண்ணுதேன் சார்."

"என்னத்த எடுத்தீங்க இப்போ?"

"சொத்தை, பூசணம் புடிச்சது, சிக்கு வாடை அடிக்கது. கல்லு எப்பவாச்சும்தான் சார் வருது. இதுதான் நெறைய. வெள்ளத்துக்கப்புறம் எம்புட்டு வருது தெரியுமா? நானே ஒங்ககிட்டச் சொல்லணும்னு இருந்தேன்."

"எத்தனை நாளா?"

"புது பிளேடு மாட்டுன அன்னைலேருந்து."

"யாரு எடுக்கச் சொன்னது?"

அக்கா என்னைப் பார்த்தார். பயந்த பார்வை இல்லை. கேலி செய்கிறேனா என்று யோசிக்கிற பார்வை. "நீங்கதான் சார்."

நான் அப்படிச் சொல்லியிருக்க மாட்டேன். கல்லைத்தான் சொல்லியிருப்பேன். எந்த வேதியியல்காரனும் சோதனைக்கு வந்த மாதிரியிலிருந்து சொத்தையை எடுக்கச் சொல்ல மாட்டான். நோயாளியின் சீழைத் துடைத்துவிட்டு ரத்தம் சுத்தம் என்று எழுதிக் கொடுப்பது மாதிரி அது.

96 ரிப்போர்ட். 96-லும் கீழே என் கையெழுத்து.

மார்ச் 1

நயினார் சாரிடம் சொன்னேன். நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். இரண்டு அறையில் தொடங்கி இருபது வருடம் வளர்த்த லேப்.

"பதினெட்டாந் தேதி ஆடிட்டு," என்றார். லேபுக்கு அங்கீகாரம் தருகிறவர்கள் வந்து பார்க்கும் நாள். "அவங்களுக்கு ஒரு காரணம் வேணும், ஒரு நடவடிக்கை வேணும். பயிற்சி இல்லாத பணியாளு, தன்னிச்சையாச் செஞ்ச தப்பு. வேலைய விட்டு அனுப்பியாச்சு. புகார் வந்த ரெண்டு ரிப்போர்ட்ட மட்டும் திருத்திக் குடுப்போம். மிச்சம் புகார் வந்தா பாப்போம்."

"அவங்க நான் சொன்னதாச் சொல்றாங்க சார்."

"நீ சொன்னியா?"

"நினைவில்ல."

"அப்பொ சொல்லல. படிவத்த எழுது."

குறைபாட்டுப் படிவத்தை எழுதினேன். காரணம் என்ற கட்டத்தில்: பணியாளர் சந்தனமாரி, அறிவுறுத்தலின்றி மாதிரியிலிருந்து சேதமடைந்த பருப்புகளை நீக்கியுள்ளார். படிக்கச் சுத்தமாக இருந்தது.

மதியம் அக்காவிடம் நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. ஜன்னல் வழியாகச் சொல்ல முடியவில்லை, உள்ளே போனேன்.

"ரெண்டு நாள் லீவா சார், இல்ல ஒரேயடியாவா?"

"ஒரேயடியாத்தான்கா."

முந்தானையில் கையைத் துடைத்தார். துடைத்த கையை மறுபடி துடைத்தார். "கிடங்குல இருக்கப்ப ஒரு சொத்தை விட்டுட்டேன்னுதான் ஏச்சு வாங்குவேன். எடுத்ததுக்கு ஏச்சு வாங்குறது இதான் மொதத் தடவ." சாவியை மேசைமேல் வைத்தார். முறத்தை எடுத்துக்கொண்டார்.

வாசலில் நின்று திரும்பினார். "சார், மேசைக்கு அடில மூணு பெயின்டு வாளி இருக்கு. அத மறந்துராதீங்க. நீங்க கேக்காமத் தூக்கிப் போடக் கூடாதுன்னீங்கள்லா, அதான் அப்படியே வச்சிருக்கேன்."

கழிவு. பிளீச்சிங்கில் போட வேண்டும். நாளை.

மார்ச் 2, சனி

வாளியைத் திறந்தேன்.

மூன்று வாளியிலும் கவர்கள். ஜிப் வைத்த சின்னக் கவர்கள். ஒவ்வொன்றின் மேலும் மார்க்கரால் எண்: க-17, க-18, க-19... தேதியோடு. எழுத்து ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் எழுத்து மாதிரி பெரிதாக, பக்குவமாக. எண்ணினேன். தொண்ணூற்றாறு. ஒன்று குறையவில்லை. ஒன்றுகூட மாறி இருக்கவில்லை.

க-31-ஐத் தேடி எடுத்தேன். எடை போட்டேன். 128 கிராம். நான் கேட்ட நூற்று நாற்பதில் நூற்று இருபத்தெட்டு. மீதி பன்னிரண்டு, எந்த மில்லிலும் போகிற தூசி.

அரைத்தேன். நானேதான் அரைத்தேன், வேறு யார் இருக்கிறார்கள். கண் எரிந்தது. முகமூடியின் ரப்பர் காதை அறுத்தது. அந்த அறையில் மின்விசிறி கிடையாது என்பது எனக்கு இன்றுதான் தெரியும்.

மாலை 4.10-க்கு முடிவு. கவருக்குள் இருந்தது மட்டும்: 1390 பிபிபி. இரண்டு தடவை ஓட்டினேன்.

நல்ல கடலை 4,872 கிராமில் 2.1. சொத்தை 128 கிராமில் 1390. இரண்டையும் சேர்த்து ஐந்து கிலோவுக்கு வகுத்தால் 37.6. துறைமுகத்து லேப் சொன்னது 41.

நஞ்சு முழுக்கக் கவரில்தான் இருந்தது. மிஷினுக்குப் பதினைந்து நிமிடமும் ஒரு கரைப்பான் பாட்டிலும் வேண்டியிருக்கும் வேலையை அந்த விரல்கள் போகிற போக்கில் செய்திருக்கின்றன. அதாவது எல்லாவற்றையும் கணக்குப் போட்டுத் திருத்த முடியும். மறுபடி மாதிரி எடுக்க முடியாத, கப்பலேறிப் போன, தின்று தீர்ந்த சரக்குக்குக்கூட உண்மையான எண்ணைச் சொல்ல முடியும். இந்தக் கவர்கள் மட்டும் இல்லாவிட்டால் முடியாது.

யார் சொல்லி எண் எழுதினார்? யார் சொல்லித் தூக்கிப் போடாமல் வைத்தார்?

மார்ச் 3, ஞாயிறு

இந்த நோட்டை முதலிலிருந்து படித்தேன்.

முதல் பக்கத்திலேயே இருக்கிறது. 'சொத்தை' என்ற சொல், என் கையெழுத்தில்.

ஜனவரி 22-ஐயும் படித்தேன்.

வேறு எதுவும் செய்யவில்லை. துணி துவைத்தேன்.

மார்ச் 4

இருபத்தொரு கவர்கள் முடிந்தன. எல்லையைத் தாண்டியவை ஆறு. ஒன்றில் 88 பிபிபி.

டிராயரில் அண்ணாச்சி தந்த மிட்டாய் டப்பா. இரண்டு மீதி. அதற்குப் போன கடலையும் எங்கள் சான்றிதழோடு போனதுதான். தொட மனம் வரவில்லை, தூக்கிப் போடவும் வரவில்லை. மேலே தேதி எழுதி அப்படியே வைத்தேன்.

மார்ச் 5, செவ்வாய்

முப்பத்தி நான்கு கவர்கள். ஃபெயில் பதினொன்று. அதில் எட்டு கப்பலேறிவிட்டன. மூன்று இன்னும் ஊரில்தான். அந்த மூன்றில் ஒன்று க-88, ஜெயபாலன் அண்ணாச்சியின் சரக்கு, 62 பிபிபி. கன்டெய்னர் திரும்பி வருகிற எரிச்சலில் ஏற்றுமதியை நிறுத்திவிட்டு உள்ளூரில் தள்ளுகிறார். நாளை காலை எட்டு மணிக்குக் கோவில்பட்டி மிட்டாய்க் கம்பெனிக்கு லோடு ஏறுகிறது. எங்கள் ரிப்போர்ட் அவர் கையில் இருக்கிறது. 1.8 என்று.

மிட்டாய் தின்பது பெரும்பாலும் பள்ளிக்கூடப் பிள்ளைகள். ஒரு நாளில் ஒன்றும் ஆகாது. வருடக்கணக்கில் ஈரலைத் தின்னும் நஞ்சு. யாரும் எங்களைத் தேடி வர மாட்டார்கள். அதுதான் இதில் உள்ள சௌகரியம்.

கணக்குத் தாளை நயினார் சார் முன் வைத்தேன்.

"தொண்ணூத்தாறையும் திருப்பி வாங்கணும் சார். இன்னைக்கே சொல்லணும்."

"வெளிய சொன்னா நாளைக்கே கதவச் சாத்தணும் தம்பி. அண்ணாச்சிகிட்ட மெதுவா, புதுசா ஒரு சாம்பிள் எடுக்கலாம்னு சொல்லிப் பாக்கேன். அடுத்த வாரம்."

"நாளைக்கு எட்டு மணிக்கு லோடு ஏறுது."

"எல்லாத்துக்கும் நீயும் நானுமா பொறுப்பு? அந்தப் பொம்பள பண்ணுன காரியம்..."

"நான்தான் சார் சொன்னேன்."

"நினைவில்லன்ன?"

"எழுதி வச்சிருக்கேன்." நோட்டைத் திறந்து முதல் பக்கத்தைக் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, தாளைக் கண்ணருகே கொண்டுபோய்ப் படித்தார். படித்துவிட்டு மறுபடி படித்தார்.

"கிறுக்கனாடே நீ? இத எவனாச்சும் எழுதி வைப்பானா?"

"எழுதாட்டி மறந்திருப்பேன் சார். மறந்துதான் படிவத்துல அவங்க பேர எழுதினேன்."

"ஆடிட்டர் ஒன் கையெழுத்து உரிமையப் புடுங்கிருவான். தெரியும்லா? வேற எந்த லேப்லயும் எடுக்க மாட்டான்."

"தெரியும்."

சார் வரவேற்பறையில் ஒட்டிய தேர்வுத் தாளைக் கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பேனாவை எடுத்தார். எதிலும் கையெழுத்துப் போடவில்லை. மூடியைத் திறந்து, மறுபடி மூடி, என் பக்கம் உருட்டிவிட்டார்.

"வீட்டுக்குப் போறேன்," என்றார். "நாளைக்குக் காலைல வந்து என்ன இருக்கோ அதப் பாக்கேன்."

அது சம்மதமா மறுப்பா தெரியவில்லை. கேட்கவும் பொறுமை இல்லை. போனைப் போட்டால் அண்ணாச்சி எடுக்கவில்லை. மூன்று தடவை. என் நம்பரைப் பார்த்தாலே இப்போது எடுப்பதில்லை.

மாலை 6.30. கவர்கள் மீதி 62. உடம்பெல்லாம் கடலை வாடை. இனிச் செய்ய வேண்டியவை:

1. காலை 6.30-க்கு அண்ணாச்சியின் கிடங்கு வாசலில் நிற்பது. க-88 கணக்குத் தாளைக் கையில் கொடுப்பது. அவர் திட்டி முடிக்கும் வரை நிற்பது. அவர் லாரியை நிறுத்தாவிட்டால் அங்கிருந்தே மிட்டாய்க் கம்பெனிக்குப் போன் செய்வது. நம்பர் டப்பாவின் பின்பக்கத்தில் இருக்கிறது.

2. மற்ற இரண்டு உள்ளூர்ச் சரக்குக்காரர்களிடமும் பத்து மணிக்குள் சொல்வது.

3. தொண்ணூற்றாறு ரிப்போர்ட்டையும் திரும்பப் பெறும் கடிதம் அனுப்புவது. நயினார் சார் கையெழுத்துப் போட்டால் அவர் பெயரில். போடாவிட்டால் என் பெயரில்.

4. மீதி 62 கவர்களை முடிப்பது. ஒன்றையும் விடாமல்.

5. குறைபாட்டுப் படிவத்தைக் கிழிக்காமல் அடித்து எழுதுவது. பழைய வரி தெரிய வேண்டும். காரணம் என்ற கட்டத்தில்: ஜனவரி 8, காலை 10.20, நான் சொன்ன வாக்கியம், சொன்னபடியே. கீழே என் பெயர்.

6. அரவை அறைக்கு ஒரு மின்விசிறி கேட்பது. தூசி பறக்காத இடத்தில்.

7. புதன் மாலை சந்தனமாரி அக்கா வீட்டுக்குப் போவது. முகவரி வேலைக்குச் சேர்ந்த விண்ணப்பத்தில் இருக்கிறது. வேலைக்குத் திரும்பக் கூப்பிடுவதற்கு முன், ஜனவரி 22 அன்று "அது வந்து" என்று தொடங்கியதைச் சொல்லச் சொல்லிக் கேட்பது. சொல்லி முடிக்கும் வரை வாயைத் திறக்காமல் இருப்பது.